தறி ஓடாத நாளின் நாற்பத்தொரு ஆம்பியர்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை இரண்டு பக்கம். முதல் பக்கத்திலேயே, தணிகாசலம் மின்சார இலாகாவில் சேர்ந்த ஆண்டை 1954 என்று போட்டிருந்தார்கள். அவர் சேர்ந்தது 1953 ஜூன் மாதம்; நியமன உத்தரவு அவருடைய தகரப் பெட்டியில் மேலிருந்து நான்காவது உறையில் இருந்தது. ஒருவனைப் பொய்யன் என்று எழுத உட்கார்ந்தவர்கள் முதல் வரியிலேயே தவறாக எழுதியிருக்கிறார்களே என்று, சிவப்புப் பென்சிலால் அதன் கீழ் ஒரு கோடு போட்டார். பிறகு இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அங்கே கோடு போடத் தொடங்கினால் பக்கம் முழுவதும் சிவந்துவிடும் என்று தோன்றியதால் பென்சிலைக் கீழே வைத்தார்.

அதில் கண்ட விஷயம் இது. 1972 அக்டோபர் 18 மாலை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் குடியிருக்கும் நெல்லிமரத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போயிற்று. அந்தத் தெருவின் மின்சுமை நாற்பத்தொரு ஆம்பியர்தான் என்று செக்‌ஷன் என்ஜினீயர் பூவராகவன் செப்டம்பரில் நேரில் அளந்து அறிக்கை கொடுத்திருந்தார். ஆனால் லைன்மேன் தணிகாசலத்தின் பதிவேட்டில் நாள்தோறும் நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபது என்று இருக்கிறது. ஆகவே அவர் அளக்காமலே எண்களை எழுதி வந்திருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மரையும் சரிவரப் பராமரிக்கவில்லை. குற்றம் நிரூபணமானால் லைன்மேன் பதவியிலிருந்து ஹெல்பராக இறக்கப்படுவார்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். கடைசிப் பத்திதான் அவரை உட்கார விடவில்லை. ‘மேற்படியாரின் பதிவேட்டிலேயே மாதத்துக்கு ஒரு முறை நாற்பதை ஒட்டிய எண் காணப்படுகிறது. அவர் உண்மையாக அளந்த நாள்கள் அவை மட்டுமே என்று கருத இடமிருக்கிறது.’

பதினோரு வருடம் மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்து எழுதிய நாலாயிரம் எண்களில் நூற்று முப்பத்தாறு மட்டும் மெய், மிச்சமெல்லாம் பொய் என்று ஒருவர் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து தீர்மானித்திருந்தார்.

தணிகாசலம் ஐயம்பேட்டைக்காரர். அப்பாவுக்கு முக்கால் காணி நிலம்; மூன்று பிள்ளைகளுக்கு அது போதாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபதாவது வயதில் மின்கம்பம் நடக் குழி தோண்டுகிற கூட்டத்தில் சேர்ந்தார். தோண்டிய குழியில் நடப்பட்ட கம்பத்தில் என்ன ஓடுகிறது என்று யாரைக் கேட்டாலும், “ஷாக் அடிக்கும், கைய வெக்காத” என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்களின் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதி எழுதி ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். சென்னை மூர் மார்க்கெட்டில் அட்டை போன மின்சாரப் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் படித்து முடித்தார். 1961இல் லைன்மேன் ஆனார். ஐந்து டிரான்ஸ்ஃபார்மர்கள் அவருடைய பொறுப்பில் வந்தன.

அப்போது அவரை வாட்டிய ஒரு கேள்வி உண்டு. ஃபியூஸ் போவது எப்போதும் அவர் இல்லாத இடத்திலேயே ஏன் நடக்கிறது? பிள்ளையார்பாளையத்தில் காத்திருந்தால் கடைவீதியில் போகும்; கடைவீதிக்கு ஓடினால் பஸ் நிலையத்தில் போகும். திட்டு வாங்கி அலுத்துப்போய், தினமும் மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே ஐந்து இடத்துக்கும் சைக்கிளில் போய், கம்பியை வெட்டாமலே அதை வாயால் கவ்வி ஓட்டத்தைச் சொல்லும் டாங் டெஸ்டரால் அளந்து, ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. பதிவேட்டைக்கூட அவரே வாங்கித் தைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் விடை தெரிந்துவிட்டது. மின்சாரத்துக்கென்று ஓர் ஊர், ஒரு தெரு கிடையாது. ஆள் போகிற இடத்துக்கு அது பின்னாலேயே போகிறது. காலையில் கிராமத்து பஸ்கள் வந்து நின்றதும் பஸ் நிலையத்து ஓட்டல்களில் ஏறும். பத்து மணிக்கு அரசாங்க அலுவலகங்களில் ஏறும். மாலையில் கடைவீதிக்கு வரும். வைகாசி கருட சேவை அன்று விடியலில் பெருமாள் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டால், அவர் எந்தத் தெருவில் இருக்கிறாரோ அந்தத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அவர் திரும்பிய முனையில் உறுமல் நின்று, அடுத்த தெருவில் தொடங்கும். தணிகாசலம் ஒவ்வோர் ஆண்டும் ஃபியூஸ் கம்பியும் இடுக்கியுமாகப் பெருமாளின் குடைக்கு முன்னால் சைக்கிளில் போவார். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நெல்லிமரத் தெருவின் கணக்கு தனி. நெசவாளர்கள் விடியற்காலை நாலரைக்குத் தறிக்குழியில் இறங்குவார்கள். தறிக்கு மேல் தொங்கும் பல்புகள் எரியும். பொழுது விடிந்ததும் அணையும். மாலை ஆறுக்கு மறுபடி எரிந்தால் இரவுச் சாப்பாடு வரைக்கும் அணையாது. நானூறு வீடு, வீட்டுக்கு இரண்டு மூன்று பல்பு. ஏழு மணிக்கு நூற்றுப் பதினெட்டுக்குக் குறையாது.

அமாவாசை அன்று மட்டும் தறி ஓடாது. அது அவர்களுடைய ஓய்வு நாள். சாயங்காலம் குடும்பத்தோடு கோயில், ராஜவீதிக் கடைகள், சினிமா என்று புறப்பட்டுவிடுவார்கள். தெருவில் ஓட்டம் நாற்பதுக்கு இறங்கும். ராஜவீதியில் அதே நேரத்தில் எகிறும். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றவே இல்லை. தேதி, நேரம், ஆம்பியர் என்று மூன்று பத்தி. நாலாவதாக ஒரு பத்தி இழுத்து ‘அமாவாசை’ என்று எழுதியிருந்தால் இந்தக் குறிப்பாணை பிறந்தே இருக்காது.

அமாவாசையில் இன்னொரு வசதி இருந்தது. மற்ற நாள்களில் விடிந்ததும் நெசவாளர்கள் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, உலர்த்திச் சுருட்டுவார்கள். காலை பத்து மணி வரை சைக்கிள்கூட ஓரமாகத்தான் போக முடியும். இலாகா வண்டி உள்ளே வர வேண்டுமானால் பாவு இல்லாத நாள் வேண்டும். அதனால் எண்ணெய் மாற்றுவதோ கம்பம் நடுவதோ, நெல்லிமரத் தெருவில் இலாகா வேலை எல்லாமே அமாவாசையில்தான் நடந்து வந்தது.

1972 ஆகஸ்டில் சிதம்பரம் பக்கத்திலிருந்து பூவராகவன் மாற்றலாகி வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் தட்டுப்பாடு, எங்கே பெரியது வீணாக நிற்கிறதோ அதைக் கழற்றி வேறு இடத்துக்கு அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு. ஒவ்வொரு தெருவிலும் பதிவு மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பதிவு மீட்டர் என்பது இரண்டு ஆள் தூக்கும் பெட்டி. உள்ளே உருளும் காகிதத்தில் ஒரு பேனா கோடிழுத்துக்கொண்டே இருக்கும். அது வண்டியில்தான் வர வேண்டும்.

“நெல்லிமரத் தெருவுக்கு வண்டி எப்பய்யா போகும்?” என்று கேட்டார் பூவராகவன்.

எதையும் எழுத்தில் கொடுத்தே பழகிய தணிகாசலம், செப்டம்பர் 2ஆம் தேதி கடிதமாக எழுதிக் கொடுத்தார். ‘வரும் 7ஆம் தேதி அமாவாசை. அன்று தறி ஓடாது. தெருவில் பாவு இராது. வண்டி தடையின்றி வரலாம்.’ கார்பன் நகலில் பூவராகவனின் சுருக்கொப்பத்தையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

வண்டி வந்தது. மீட்டர் வைத்தார்கள். நாற்பத்தொன்று என்று வந்தது. எதற்காக அளக்கிறார்கள் என்பது தணிகாசலத்துக்கு அன்று உறைக்கவில்லை. எண்ணெய் பார்க்கிற மாதிரி இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்தார். செப்டம்பர் 18இல் நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு அறுபத்து மூன்றை வைத்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டார். எண்பத்து நான்கு ஆம்பியருக்கு மேல் தாங்காத பெட்டி அது. செப்டம்பர் 20, அக்டோபர் 3, அக்டோபர் 11 ஆகிய தேதிகளில் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை.

அக்டோபர் 18ஆம் தேதி, ஆறு ஐம்பது. தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது; தெருவில் ஓடாத தறி இல்லை. பல்புகளின் இழை முதலில் சிவந்து மங்கிற்று. தணிகாசலம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கிற பானை போல உறுமி, மூடியின் ஓரமாக எண்ணெயைக் கக்கி அடங்கிவிட்டது. இருட்டில் நானூறு வீட்டிலிருந்தும் ஒரே சத்தம் எழுந்தது.

“தணிகாசலம்! இன்னாபா பண்ணி வெச்சே?” என்று தறிக்குழியிலிருந்தே கத்தினார் வேலாயுதம். தெருவில் மூன்று தறி வைத்திருப்பவர். தணிகாசலத்தின் வயதொத்தவர், பழக்கமானவர்.

அடுத்த வாரம் இன்னொரு அறுபத்து மூன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவும் எரியாமல் இருக்க, ஒரு நாள் தெருவின் வடக்குப் பக்கத்துக்கு மட்டும், மறுநாள் தெற்குப் பக்கத்துக்கு மட்டும் மின்சாரம் என்று ஏற்பாடு செய்தார்கள். முழுத் தெருவுக்கும் கொடுக்க முடியவில்லை என்பதே தணிகாசலத்தின் எண்களுக்குப் போதிய சாட்சி. ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்த அதே கை, அக்டோபர் 27இல் குறிப்பாணையிலும் கையெழுத்துப் போட்டது.

தணிகாசலம் பதினேழு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். மூன்று எச்சரிக்கைக் கடிதங்களின் நகல்களை இணைத்தார். பதினோரு வருடத்துப் பஞ்சாங்கங்களைத் தேடி வாங்கி, நூற்று முப்பத்தாறு குறைந்த எண்களும் அமாவாசைத் தேதிகளே என்று பட்டியல் போட்டுக் காட்டினார். ஒன்றை மட்டும் இணைக்கவில்லை: செப்டம்பர் 2ஆம் தேதிக் கடிதத்தை.

பதில் நாலே வரியில் வந்தது. மூன்று கடிதங்களும் அலுவலகக் கோப்பில் காணப்படவில்லை. பஞ்சாங்கம் இலாகாவின் அங்கீகாரம் பெற்ற ஆவணமன்று. விசாரணை நடைபெறும்.

“அங்கீகாரம் பெற்ற ஆவணமன்றாம்!” என்று மனைவி கிருஷ்ணவேணியிடம் இரைந்தார். “வானத்துல நிலா இல்லன்றதுக்குக்கூட இவங்க கிட்ட சீல் வாங்கணுமா?”

கிருஷ்ணவேணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “அந்த அமாவாச காயிதம் இருக்குதே, அத்த ஏன் குடுக்கல?”

“எந்தக் காயிதம்?”

“பெட்டியில பச்ச உறையில கீது. பத்து நாளா அத்த மட்டும் எடுத்துப் பாத்துட்டு, திரும்ப உள்ள வெச்சிக்கினு இருக்கீங்க. எனக்குக் கண்ணு இல்லயா?”

தணிகாசலம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கடிதத்தைக் கொடுத்தால், அமாவாசை என்று தெரிந்தே பூவராகவன் அளந்தார் என்பது வெளியாகும். ஆனால் அளக்க அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவர் யார் என்பதும் அதே வரியில் இருந்தது. பிறர் தவறுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்த பெட்டியில், அவருடைய தவறும் அவர் கையெழுத்திலேயே, நகலோடு, பத்திரமாக இருந்தது.

“நல்லா இருக்குது போங்க,” என்றாள் கிருஷ்ணவேணி. “செஞ்ச தப்ப மறைக்கப் போயி, செய்யாத தப்ப தலைமேல தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க.”

நவம்பர் கடைசியில் விசாரணைக்கு நாள் குறித்து ஓலை வந்தது. கோட்டத்திலிருந்து கோதண்டபாணி என்ற பெரிய என்ஜினீயர் வந்து, தெருவில் தாமே மீட்டர் வைத்து அளந்து பார்ப்பார். தேதியைப் படித்ததும் தணிகாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

“பரசுராமன், டிசம்பர் அஞ்சு அமாவாசைபா!”

குமாஸ்தா பரசுராமன் தலையைத் தூக்கவில்லை. “தெரியும். நான்தான் குறிச்சுக் குடுத்தேன்.”

“ஏம்பா?”

“வண்டி உள்ள போவ வேணாமா? அன்னிக்குத்தான் தெரு காலியா இருக்கும்னு வருஷா வருஷம் நீங்கதான சொல்வீங்க? இப்ப நீங்களே வந்து பேஜார் பண்றீங்களே!”

தேதியை மாற்றக் கோரி இரண்டு கடிதம் எழுதினார். பெரியவருக்கு வேறு நாள் ஒழியாது என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. எழுத்தில் கேட்டார். எழுத்தில் வரவில்லை.

வேறு வழி தோன்றாமல் வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனார். வேலாயுதம் தறியில் இருந்தார்; அவருடைய மனைவி மங்கையர்க்கரசி வாசலில் இழை பிரித்துக்கொண்டிருந்தாள்.

“வேலாயுதம், ஒரே ஒரு நாளு. அஞ்சாந் தேதி மட்டும் தெருவுல தறி ஓட்டச் சொல்லேன்.”

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. “அமாவாச அன்னிக்கா? என் தாத்தா காலத்துலேருந்து அன்னிக்குத் தறியில யாரும் கால் வெச்சதில்லபா. உன் உத்தியோகத்துக்காக ஊரு வழக்கத்த மாத்தணுமா?”

“இத்த மாத்தினா, அப்புறம் கருட சேவையையும் வேற நாளைக்கு வெக்கச் சொல்வாரு,” என்றாள் மங்கையர்க்கரசி. “லைன்மேன் ஐயா, அன்னிக்கு நாங்க சினிமாவுக்குப் போறோம். மாசத்துல ஒரு நாளு. அதையும் நீங்க அளக்கணுமா?”

வேலாயுதத்துக்கு மனசு கேட்கவில்லை. தறியை விட்டு எழுந்து வந்தார். “தறிதான ஓட்டக் கூடாது? பல்பப் போட்டுட்டுப் போனா இன்னா? நானூறு வூட்டுலயும் சொல்றேன். எல்லாத்தையும் எரியவுட்டுட்டுக் கதவப் பூட்டிக்கினு போயிடறோம். உன் நூத்திப் பதினெட்டு வந்துடும். முடிஞ்சுது.”

தணிகாசலம் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிற்பாடு அவர் வெட்கப்பட்டதுண்டு.

“வாணாம்பா,” என்றார். “பொய்யா எழுதினேன்னு சொல்லித்தான் என் மேல கேஸு. அத்த நானே மெய்யாக்கவா? எப்பவும் போல இருங்க. எரியறது எரியட்டும், அணையறது அணையட்டும்.”

“பைத்தியம்,” என்றாள் மங்கையர்க்கரசி, குரலில் கொஞ்சம் மரியாதையோடு.

டிசம்பர் 5 காலை எட்டு மணிக்கு இலாகா வண்டி நெல்லிமரத் தெருவுக்குள் ஒரு தடையுமின்றி நுழைந்தது. மீட்டரைப் பொருத்தினார்கள். சுமை குறைவான நாளென்று அன்று முழுத் தெருவுக்கும் மின்சாரம் கொடுத்திருந்தார்கள். மாலை ஆறரைக்குத் தெரு காலியாயிற்று. ஏழு மணிக்குக் கோதண்டபாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பேனா நாற்பத்து மூன்றில் நின்றது.

“நான் எழுதினதைவிட ரெண்டு கூடுதல் சார்,” என்றார் பூவராகவன் பெருந்தன்மையோடு.

“தணிகாசலம், நீங்க ஏதாவது சொல்லணுமா?”

“சொல்லப் போறதில்லீங்க ஐயா. காட்டறேன். ராஜவீதி முனை வரைக்கும் வரணும்.”

வண்டி டிரைவரைக் காணோம். அவரும் எல்லோரையும் போலக் கடைவீதிக்குப் போயிருந்தார். வண்டியையும் மீட்டரையும் தெருவிலேயே விட்டுவிட்டு, இரண்டு அதிகாரிகளும் ரிக்‌ஷாவில் வர, தணிகாசலம் பதிவேட்டோடு சைக்கிளில் முன்னே போனார்.

ராஜவீதியில் நடக்க இடமில்லை. அமாவாசைக் கூட்டத்துக்காகக் கடைக்காரர்கள் வாசலில் சரம் சரமாகப் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள்; ஓட்டல்களில் மாடியையும் திறந்திருந்தார்கள். தணிகாசலம் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தடியில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து டாங் டெஸ்டரைப் பூட்டிவிட்டு, “நீங்களே படிங்க ஐயா,” என்று நகர்ந்து நின்றார். நூற்று இருபத்தொன்பது.

பிறகு பதிவேட்டை விரித்தார். சாதாரண மாலைகளில் அதே கம்பத்தில் எண்பத்தெட்டு, தொண்ணூறு. அமாவாசை மாலைகளில் நூற்று முப்பதை ஒட்டி.

“அங்க குறைஞ்சது எழுபத்தஞ்சு. இங்க ஏறினது நாற்பதுதானே?” என்றார் கோதண்டபாணி.

“மீதி சினிமாக் கொட்டகையில இருக்குதுங்க ஐயா. அதையும் பாக்கலாம்.”

“வேண்டாம், படம் பார்க்க நேரமில்லை.”

அந்த நேரத்தில் வளையல் கடையிலிருந்து வேலாயுதம் குடும்பத்தோடு இறங்கி வந்தார். கம்பத்தடியில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. “இன்னா தணிகாசலம், எங்க வூட்டுக் கரண்ட தேடிக்கினு இங்க வந்துட்டியா? நாங்கதான் தூக்கிக்கினு வந்தோம்னு ஐயாகிட்ட சொல்லு!”

கோதண்டபாணி பூவராகவன் பக்கம் திரும்பினார். “இன்னிக்கி மாதிரித்தான் அன்னிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“நான் ஊருக்குப் புதுசு சார். யாரும் சொல்லலை.”

தணிகாசலத்தின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பச்சை உறையைக் காலையிலிருந்தே சுமந்துகொண்டிருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று அதுவரை தீர்மானிக்கவில்லை. ‘யாரும் சொல்லலை’ என்ற அந்த இரண்டு சொல் தீர்மானித்துவிட்டது. பல்புச் சரத்தின் வெளிச்சத்தில் கோதண்டபாணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்துப் பூவராகவனிடம் காட்டினார். பூவராகவன் அது யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

“இதை ஏன் விளக்கத்தோட வைக்கலை?”

“நாளைக் குறிச்சுக் குடுத்தது நான்தாங்க ஐயா. வண்டி வரணும்னு மட்டும் பாத்தேன். ஆளு இருக்க மாட்டாங்கன்னு பாக்கல. அது என் தப்பு. அதனாலதான்.”

“சரி. அமாவாசையில குறையும்னு ஒத்துக்கறேன். மத்த நாள்ல நூத்துப் பதினெட்டுன்னு எனக்கு யார் காட்டறது? நாளைக் காலையில நான் கிளம்பணும்.”

அவர் கிளம்ப முடியவில்லை. டிரைவர் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, எங்கோ படுத்துத் தூங்கி எழுந்து வந்து வண்டியை எடுப்பதற்குள் விடிந்துவிட்டது. காலை ஏழரைக்குக் கோதண்டபாணி நெல்லிமரத் தெருவுக்கு வந்தபோது, வண்டிக்கு முன்னால் நாலு பாவு, பின்னால் ஐந்து பாவு, தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தன.

“இதைக் கொஞ்சம் அவிழ்த்தா வண்டி போயிடும்மா,” என்றார்.

கஞ்சிக் கையோடு நின்றிருந்த மங்கையர்க்கரசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஐயா, இப்ப அவுத்தா மூணு பொடவ போச்சு. பத்து மணி ஆவட்டும். நாஸ்டா சாப்பிட்டுட்டு வாங்க.”

வேறு வேலை இல்லாததால் அவர் மீட்டர் பெட்டியைத் திறந்தார். அதை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. பேனா இரவெல்லாம் கோடிழுத்திருந்தது. மாலையில் நாற்பத்து மூன்று; பிறகு இறங்கிப் படுத்துவிட்ட கோடு. விடியற்காலை நாலரைக்கு அது எழுந்து, ஐந்து மணிக்கு அறுபத்தொன்றைத் தொட்டு, வெயில் வந்ததும் இறங்கியிருந்தது. காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னிக்கி எந்தப் பக்கத்துக்கு சப்ளை?”

“வடக்குப் பக்கத்துக்கு மட்டுங்க ஐயா. விடியறதுக்கு முன்னாலயே மாத்தி வுட்டாச்சு,” என்றார் தணிகாசலம்.

“நேத்து முழுத் தெரு நாற்பத்து மூணு. இன்னிக்கிப் பாதித் தெரு அறுபத்தொண்ணு.” கோதண்டபாணி பூவராகவனைப் பார்த்தார். பூவராகவன் பாவில் கஞ்சி உலர்வதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 29இல் இறுதி உத்தரவு வந்தது. பொய்க் குறிப்பு எழுதியதாகக் கூறும் முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, கைவிடப்படுகிறது. பராமரிப்புக் குறைவு என்னும் இரண்டாவதும் கைவிடப்படுகிறது. நெல்லிமரத் தெருவுக்கு மீண்டும் நூறு கே.வி.ஏ. வழங்கப்படும். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ‘எனினும், அளவை செய்யத் தகாத ஒரு நாளைப் பரிந்துரைத்தமைக்காக மேற்படியார் எச்சரிக்கப்படுகிறார்’ என்று இன்னொரு வரி இருந்தது. பணி சேர்ந்த ஆண்டு இப்போதும் 1954.

பரிந்துரையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அதன்படியே போய் அளந்தவருக்கு என்ன எச்சரிக்கை என்று உத்தரவு முழுவதும் தேடினார். பூவராகவன் என்ற பெயரே அதில் இல்லை.

“வுட்டுத் தள்ளுங்க,” என்றாள் கிருஷ்ணவேணி. “ஹெல்பராக்கலயே.”

“எச்சரிக்கைக்கு அப்பீல் உண்டு,” என்றார் தணிகாசலம். ஜனவரி 2ஆம் தேதி, ஒன்பது பக்க மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை உறையில் வைத்தார்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 1973 ஜனவரி 4ஆம் தேதி வந்தது. லாரி தெருவுக்குள் நுழைய வேண்டுமே. ஆகவே அன்றும் அமாவாசை. நாள் முழுதும் வேலை நடந்து, மாலை ஏழு மணிக்கு இணைப்புக் கொடுத்தார்கள். வேலாயுதம் குடும்பம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ராஜவீதிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. தெருவில் இருந்தவர்கள் ஏழெட்டுக் கிழவர்களும் இலாகாக்காரர்களுமே.

பூவராகவன் டாங் டெஸ்டரைப் பூட்டச் சொல்லிப் பார்த்தார். முள் நாற்பத்தொன்றில் நின்றது.

“என்னய்யா இது!” என்றார் அலுத்துக்கொண்டு. “நாற்பத்தொண்ணுக்குப் போயி நூறு கே.வி.ஏ.யா? இதுக்கா இத்தனை ரகளை?”

தணிகாசலத்துக்கு நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. பத்தொன்பது வருடப் பழக்கத்தால் அதை விழுங்கிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். புது வருடத்துப் பதிவேடு. அதில் மூன்று பத்திக்குப் பதில் ஐந்து பத்தி கோடு போட்டிருந்தது. தேதி எழுதினார், நேரம் எழுதினார், ஆம்பியர் 41 என்று எழுதினார். நாலாவது பத்தியில், எழுத்தெழுத்தாக, ‘அமாவாசை; தறி இல்லை; ஆள் இல்லை’ என்று எழுதி, பேனாவோடு பதிவேட்டையும் பூவராகவன் பக்கம் நீட்டினார்.

“அஞ்சாவது பத்தியில உங்க கையெழுத்து சார். சுருக்கொப்பம் வேணாம். முழுப் பேரு.”